பின்னிருக்கை இல்லாத வண்டியில் குழந்தை

காரில் குழந்தையை எங்கே அமர்த்த வேண்டும் என்ற கேள்விக்குச் சாலைப் பாதுகாப்பு அறிந்தோர் எந்த நாட்டிலும் தயங்காமல் தரும் விடை பின்னிருக்கை என்பதாகும். அந்த விடையே செல்லாத வண்டிகளும் உண்டு. ஓட்டுபவருக்கு ஒன்று, உடன் வருபவருக்கு ஒன்று என இரண்டே இருக்கைகளோடு, முதுகுக்குப் பின்னால் எஞ்சினோ சிறிய சாமான் அறையோ மட்டும் கொண்டு உருவாக்கப்படும் ஸ்போர்ட்ஸ் கார் அவற்றுள் ஒன்று. பெரிய காஞ்சிபுரத்து ராஜ வீதிகளில் அத்தகைய கார் அன்றாடக் காட்சி அன்று. முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் பட்டெடுக்க வருவோரின் வாகனங்கள் காந்தி ரோட்டில் நெருக்கியடித்து நிற்கும்போது, சென்னைப் பதிவெண்ணோடோ பெங்களூர்ப் பதிவெண்ணோடோ எப்போதாவது ஒன்று கண்ணில் படக்கூடும். ஆயினும், இருவருக்கு மேல் ஏறக்கூடாத வண்டி என்ற வரையறையைச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டால், ஊரில் ஓடும் ஒவ்வொரு பைக்கும் ஸ்கூட்டரும் அதற்குள் அடங்கிவிடும். குட்டி யானை என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டியின் முன்னறையும் ஏறக்குறைய அதே கணக்கில் சேரும். பின்னிருக்கை சத்தமின்றிச் செய்துவந்த காவலை, அது இல்லாத வண்டிகளில் பெற்றோரே தெரிந்தும் திட்டமிட்டும் செய்தாக வேண்டியிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் இந்தச் சிக்கலை எவ்விதக் கலப்பும் இல்லாமல் முன்வைப்பதால், அதிலிருந்து தொடங்கி ஊரின் மற்ற வண்டிகளுக்கு வருவது எளிது.

மடி என்னும் நம்பிக்கை

தாயின் மடிதான் குழந்தைக்கு மிகப் பத்திரமான இடம் என்ற எண்ணம் வீட்டுத் திண்ணைக்குப் பொருந்தும். ஓடுகிற காருக்குப் பொருந்தாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒன்று மோதி, அதன் முன்பகுதி சுமார் 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்பதாகக் கொண்டால், உள்ளே இருப்பவர்களின் வேகம் முழுவதும் அடங்குவதற்குக் கிடைக்கும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. அந்த நேரத்தில் ஒவ்வோர் உடலையும் தடுத்து நிறுத்தத் தேவைப்படும் விசை, சராசரியாக அவ்வுடலின் எடையைப்போல் 16 மடங்காகிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தையை விடாமல் பிடித்துக்கொள்ள, 160 கிலோவைத் தாங்கும் கைகள் வேண்டும்; அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில், முன்னறிவிப்பு ஏதுமின்றி. அத்தகைய கைகள் யாருக்கும் இல்லை. மடியில் வைத்திருப்பவர் சீட் பெல்ட் அணியாதிருந்தால் நிலைமை இன்னும் கொடியது. அவருடைய உடலே குழந்தையை டாஷ்போர்டின் மேல் வைத்து நசுக்கும். ஒரே பெல்ட்டைத் தமக்கும் மடியிலுள்ள குழந்தைக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்வோர், பெரியவரின் எடை முழுவதையும் பெல்ட்டின் வழியே குழந்தையின் வயிற்றில் இறக்கி வைக்கிறார்கள்.

முன்னிருக்கையின் இரண்டாவது ஆபத்து, உயிர் காக்கவென்றே பொருத்தப்பட்ட கருவியிலிருந்து வருகிறது. ஏர்பேக் எனப்படுவது, மோதலை உணர்கருவி கண்டறிந்தவுடன் இன்ஃப்ளேட்டர் என்ற சிறு உருளையில் உண்டாகும் வாயுவால் ஊதிப் பெருகும் நைலான் பை ஆகும். அது நொடியின் ஆயிரத்தில் 30 முதல் 40 பங்குக்குள் விரிந்தாக வேண்டியிருப்பதால், மணிக்கு 200 முதல் 300 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் வெளியே பாய்கிறது. பெல்ட் பிடித்து வைத்திருக்கும் பெரியவரின் மார்பு சற்றுத் தள்ளி இருக்கும், அது வந்து தொடும்போது பை விரிந்து முடிந்திருக்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது அது. மடியில் உட்கார்ந்த குழந்தையோ, சீட்டின் விளிம்பில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தையோ அந்த இடைவெளிக்குள்ளேயே இருப்பதால், விரிந்து முடிந்த மெத்தைக்குப் பதில் விரியும் வேகத்தின் முழு அடியையும் தலையிலும் கழுத்திலும் வாங்குகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2024 செப்டம்பர் இறுதியில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் முன்னிருக்கையில் தாயின் மடியிலிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை, கார் டேங்கர் லாரியோடு மோதியபோது விரிந்த ஏர்பேக்கால் உயிரிழந்தது. 2025 ஜூலை இறுதியில், 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த திருப்போரூரை அடுத்து, முன்னால் சென்ற கார் மீது மோதிய வாடகைக் காரின் முன்னிருக்கையில் தந்தையின் மடியிலிருந்த ஏழு வயதுச் சிறுவனும் அவ்வாறே இறந்தான். அன்றாடம் தமிழ்நாட்டுக் கார்களில் குழந்தைகள் எப்படி அமர்த்தப்படுகிறார்களோ, அப்படித்தான் இந்த இரு குழந்தைகளும் அமர்த்தப்பட்டிருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. சுங்குவார்சத்திரத்திலிருந்து பொன்னேரிக்கரை வரை நெடுஞ்சாலையில் செல்லும் கார்களின் முன் கண்ணாடியைக் கவனிப்பவருக்கு இதற்கு வேறு சான்று தேவைப்படாது.

இதில் ஒரு முரண் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாயும், ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ-நிஸ்ஸான் தொடங்கிய ஆலையும் கார்களைக் கட்டி அனுப்புகின்றன. அதே ஒரகடத்தில் உள்ள மத்திய அரசின் உலக வாகன ஆராய்ச்சி மையத்தில் வாகனங்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் கூடங்கள் இயங்குகின்றன. பாலாற்றைக் கடந்தால் செய்யாறு சிப்காட்டில் ஆட்டோலிவ் நிறுவனம் ஏர்பேக்கை விரிக்கும் இன்ஃப்ளேட்டர்களைத் தயாரிக்கிறது. உலகுக்கே கார் செய்து தரும் வட்டாரத்தில், காருக்குள் குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்ற அறிவு மட்டும் தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிட்டது.

பின்னோக்கி அமரும் குழந்தை

கைக்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. கழுத்தெலும்புகளோ இன்னும் முற்றாமல் பாதி குருத்தெலும்பாக இருப்பவை. முன்னோக்கி அமர்ந்த நிலையில் மோதல் நேர்ந்தால், வார்கள் உடலைப் பிடித்துக்கொள்ள, கனமான தலை மட்டும் முன்னால் வீசப்பட்டுக் கழுத்தை இழுக்கும். வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி அமர்த்தினால், இருக்கையின் முதுகுப்பகுதி தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ளும். விண்வெளி வீரர்கள் ஏவுகலத்தில் படுத்த நிலையில் செல்லும் முறையைக் கண்டு, இதே தத்துவத்தைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தியவர் சுவீடனைச் சேர்ந்த மருத்துவரும் ஆய்வாளருமான பெர்டில் ஆல்ட்மன். அவருடைய முதல் மாதிரி 1964இல் வோல்வோ கார் ஒன்றில் சோதிக்கப்பட்டது.

இரண்டு இருக்கைக் காரைப் பற்றிப் பேசுவோர் அறிய வேண்டிய செய்தி இந்த வரலாற்றில்தான் இருக்கிறது. சுவீடனில் பல ஆண்டுகள் பெற்றோர் பின்னோக்கிய இருக்கையை முன்னிருக்கையிலேயே, டாஷ்போர்டில் சாய்த்து வைத்துப் பயன்படுத்தினார்கள். குழந்தைகள் நன்றாகவே காப்பாற்றப்பட்டார்கள். முன்னிருக்கையைக் குழந்தைக்கு நஞ்சாக்கியது பிற்பாடு வந்த ஏர்பேக். பின்னோக்கிய இருக்கையின் முதுகு டாஷ்போர்டுக்கு மிக அருகில் இருப்பதால், விரியும் பை அதன் மேல் பாயும்போது அதற்குப் பின்னால் இருக்கும் குழந்தையின் தலையைத் தாக்குகிறது. அமெரிக்காவில் 1990களில் இந்த வகையிலும், பெல்ட் அணியாத நிலையிலும் குழந்தைகள் தொடர்ந்து இறந்தனர். 1990 முதல் 2008 வரை, உயிர் தப்பியிருக்கக்கூடிய குறைவேக மோதல்களில் முன்பக்க ஏர்பேக்கே காரணமாக அங்கு இறந்தோர் 290 பேருக்கும் அதிகம். பின்னிருக்கை இல்லாத கார்களிலும் பிக்அப் வண்டிகளிலும் உடன் வருபவரின் ஏர்பேக்கை அணைத்துவைக்கும் ஸ்விட்சைப் பொருத்த 1995இலேயே அந்நாட்டு அரசு அனுமதி தந்தது. இரண்டு இருக்கை வண்டிக்கெனத் தனி விதி தேவை என்பதை அரசு ஒன்று ஏற்றுக்கொண்ட முக்கியமான தருணம் அது. பிரான்சில் 10 வயதுக்கு உட்பட்ட குழந்தை முன்னிருக்கையில் செல்லக்கூடாது என்ற பொதுவிதிக்கு, பின்னிருக்கையே இல்லாத வண்டி விலக்காக வைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே ஸ்போர்ட்ஸ் காரில் குழந்தையை ஏற்றிச் செல்ல நினைப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தக் காரின் ஏர்பேக்கை முறையாக அணைக்க முடியுமா என்பதாகும். பல கார்களில் இதற்கெனச் சாவித் துளை ஒன்று டாஷ்போர்டின் கதவோரத்து விளிம்பிலோ, பொருள் வைக்கும் சிறு அறைக்குள்ளோ இருக்கும். சாவியை நுழைத்துத் திருப்பியதும், பயணியின் ஏர்பேக் அணைந்திருப்பதைக் காட்டும் விளக்கு டாஷ்போர்டில் எரியத் தொடங்கும். அந்த விளக்கைப் பார்த்த பிறகே குழந்தையை ஏற்ற வேண்டும். வேறு சில கார்களில் இருக்கைக்கு அடியிலுள்ள எடை உணர்கருவி தானாகவே முடிவெடுக்கும். அவற்றிலும் விளக்கே சாட்சி. எந்த ஏற்பாடும் இல்லாத காரில் பின்னோக்கி அமர வேண்டிய குழந்தையை ஏற்றவே கூடாது என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. மெக்கானிக்கிடம் சொல்லி ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம், ஒயரை வெட்டிவிடலாம் என்ற யோசனைகள் நம்மூரில் எளிதில் கிடைக்கும். அவை ஓட்டுநரின் ஏர்பேக்கையும் பெல்ட்டை இறுக்கும் கருவியையும் சேர்த்தே முடக்கிவிடக்கூடும். அதேபோல், குழந்தை இறங்கிப் பெரியவர் ஏறும்போது சாவியை மீண்டும் திருப்ப மறந்தால், பாதுகாப்பு இழப்பவர் அந்தப் பெரியவர்.

அடுத்தது பொருத்தும் முறை. ஐசோஃபிக்ஸ் என்பது, சாய்வும் அமரும் பகுதியும் சேரும் இடுக்கில் காரின் சட்டத்தோடு பற்றவைக்கப்பட்ட இரண்டு இரும்பு வளையங்களில் குழந்தை இருக்கையின் கொக்கிகள் நேரடியாகப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு ஆகும். சில ஸ்போர்ட்ஸ் கார்களில் பயணி இருக்கையில் அது உண்டு, சிலவற்றில் இல்லை. மூன்றாவது பிடிப்பாக மேலிருந்து பின்னால் இழுத்துக் கட்டப்படும் டெதர் வாருக்கோ, முதுகுக்குப் பின்னால் உடனே சுவர் நிற்கும் இந்தக் கார்களில் கொக்கி இல்லாமல் போவதே மிகுதி. வளைவுகளில் ஓட்டுபவரைச் சறுக்காமல் பிடித்துக்கொள்ள இருபுறமும் உயர்த்தித் தைக்கப்பட்ட பக்கெட் சீட் என்னும் குழிந்த இருக்கையில், குழந்தை இருக்கையின் அடித்தளம் முழுமையாகப் படியாமல் ஊசலாடும். பெல்ட் செல்லும் இடத்தில் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்கும்போது இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையாதிருந்தால்தான் பொருத்தம் சரி. அசைகிற இருக்கையைத் துணி மடித்து முட்டுக்கொடுத்துச் சமாளிப்பது தவறு. அந்தக் காருக்கு அந்த இருக்கை உதவாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பந்தயப் பாணியில் நான்கு முனை வார் மாற்றியவர்களின் காரில், மூன்று முனை பெல்ட்டுக்கென அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையைப் பூட்ட இயலாது.

பின்னோக்கும் பருவம் எப்போது முடிகிறது என்பதில் பொறுமை வேண்டும். ஐரோப்பாவில் 2013இல் வந்த ஐ-சைஸ் விதி, 15 மாதம் வரை பின்னோக்கி அமர்வதைக் கட்டாயமாக்கியது. சுவீடனிலோ நான்கு வயது வரையும் அப்படியே அமர்த்துகிறார்கள். முன்னோக்கித் திரும்பிய குழந்தைக்குக் காரின் இருக்கையை அதன் தண்டவாளத்தில் கடைசி வரை பின்னால் தள்ளிவிட வேண்டும். அப்போது ஏர்பேக் இயங்க வேண்டுமா அணைய வேண்டுமா என்பது காருக்குக் கார் மாறுவதால், கையேடு சொல்வதே முடிவு. தோளில் படிய வேண்டிய பெல்ட் கழுத்தை அறுக்காத உயரம், அதாவது சுமார் 135 முதல் 150 சென்டிமீட்டர், வரும்வரை குழந்தையை உயர்த்தி அமர்த்தும் இருக்கை தேவை. கூரை திறக்கும் கார் என்றால், சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் பெல்ட் பூட்டு குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

கார் வாங்குவோர் பலர் மோதல் சோதனை தரும் நட்சத்திரங்களை நம்புகிறார்கள். 2023 அக்டோபர் 1 அன்று தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் 18 மாத, 3 வயதுக் குழந்தைகளின் அளவில் செய்த பொம்மைகள் பின்னிருக்கையில் கட்டப்பட்டே மோதலுக்கு உள்ளாகின்றன. பின்னிருக்கை இல்லாத காரை வாங்குபவருக்கு அந்தக் குழந்தைப் பாதுகாப்பு மதிப்பெண் சொல்வது எதுவுமில்லை.

பாவும் ஊடையும்

காஞ்சிபுரத்தார் சீட் பெல்ட்டைக் கருவியாகப் பார்ப்பதைவிடத் துணியாகப் பார்த்தால் அதன் இயல்பு விரைவில் பிடிபடும். அது குறுகிய தறியில் பாலியெஸ்டர் இழையால் நெய்யப்பட்ட பட்டை. ஐக்கிய நாடுகளின் 16ஆம் வாகன விதிப்படி, இழுவிசைக்கு உட்பட்ட நிலையிலும் அதன் அகலம் 46 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஏறத்தாழ 1,500 கிலோ எடைக்கு நிகரான இழுப்பு வரை அது அறுந்துபோகக்கூடாது. அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளே. ஊடையின் வேலை அவற்றை இடம் பெயராமல் கோத்து வைப்பதும், ஓரம் பிரியாமல் காப்பதும் மட்டுமே. விளிம்பில் நூல் பிரிந்து மயிர் கிளம்பிய பெல்ட் ஏன் ஆபத்தானது என்று பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரும் மோதலில் ஒருமுறை இழுபட்ட பெல்ட்டும் குழந்தை இருக்கையும் பார்வைக்குப் பழுதின்றி இருந்தாலும், உள்ளே இழை நீண்டும் ஓடு விரிசலிட்டும் போயிருக்கக்கூடும். பழைய கார்ச் சந்தையிலும், தெரிந்தவர் வீட்டிலிருந்தும் அவற்றை வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது அவற்றின் விபத்து வரலாறு.

சட்டமும் இரு சக்கரங்களும்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 194B பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தை பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான தடுப்பு அமைப்பாலோ பாதுகாக்கப்படாமல் சென்றால் வண்டி ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. எந்த வயதுக்கு எந்த அமைப்பு, எந்த இருக்கை என்பனவற்றை அப்பிரிவு பிரித்துச் சொல்லவில்லை. மலப்புறம் விபத்துக்குப் பின் 2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்து ஆணையர் குழந்தை இருக்கையைப் படிப்படியாகக் கட்டாயமாக்கி டிசம்பர் முதல் அபராதம் விதிக்கப்போவதாக அறிவித்தார். உடனே அம்மாநில அமைச்சர் தலையிட்டு அபராதம் இப்போது இல்லை என்றார். சட்டம் ஏட்டில் ஏற்கெனவே இருக்க, அதை நடைமுறைப்படுத்த முனைந்ததே புதுச் சுமையாகப் பார்க்கப்பட்டது. குழந்தை இருக்கையின் விலை எளிய குடும்பங்களுக்குச் சுமை என்பது உண்மைதான். ஆனால் காருக்கு விரிப்பும் ஸ்பீக்கரும் வாங்குவோரிடமிருந்தும் இதே வாதம் வருவது வியப்பு.

காஞ்சிபுரத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கேள்வி காரில் எழுவதே இல்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். சட்டத்தின் 128ஆம் பிரிவு ஓட்டுபவரோடு இன்னும் ஒருவரை மட்டுமே அனுமதிக்கிறது. அந்த ஒருவர் கைக்குழந்தையாக இருந்தாலும் எண்ணிக்கையில் ஒருவரே. கணவன் ஓட்ட, மனைவி பின்னால் அமர, இடையில் குழந்தை என்று ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவில் நாள்தோறும் செல்லும் குடும்பம், ஹெல்மெட்டைப் பற்றிய பேச்சே எழுவதற்கு முன்பே சட்டத்தைக் கடந்துவிடுகிறது. 2023இல் கேரளம் 10 வயதுக்கு உட்பட்ட குழந்தையை மூன்றாவது ஆளாக ஏற்ற விலக்குக் கேட்டபோது மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மறுத்துவிட்டார். அந்த மறுப்பைக் கொடுமை என்றோர் உண்டு. பைக்கின் சீட் மூவரைத் தாங்குமளவு நீளமாக இருந்தாலும், அதன் பிரேக்கும் சமநிலையும் இருவரின் எடைக்கே கணக்கிடப்பட்டவை என்பதை அவர்கள் பேசுவதில்லை.

இருவர் என்ற கணக்குக்குள் நின்று, தந்தையோ தாயோ குழந்தையோடு தனியே செல்லும் பயணத்துக்கு 2022 பிப்ரவரி 15 அன்று அறிவிக்கப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் வழி சொல்கிறது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வார் கட்டாயம். குழந்தை அணியும் மேற்சட்டை போன்ற ஒன்றும், அதிலிருந்து கிளம்பி ஓட்டுபவரின் இரு தோள்களிலும் மாட்டிக்கொள்ளும் பட்டைகளும் சேர்ந்தது அது; கனத்த நைலானில் செய்து 30 கிலோ வரை தாங்க வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு அதன் தலைக்குப் பொருந்தும் தனி ஹெல்மெட் தேவை. சைக்கிள் ஹெல்மெட்டும் ஏற்கப்படும். குழந்தை இருக்கும்போது வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. அந்த வார் தூங்கி விழும் குழந்தையை நழுவாமல் பிடிக்கும். மோதலில் காரின் சட்டம் செய்வதைச் செய்யாது. விதியின் உண்மையான பலம் 40 கிலோமீட்டர் என்ற எல்லையில் இருக்கிறது. முன்பு சொன்ன அதே 60 சென்டிமீட்டர் கணக்கில் 50இலிருந்து 40க்கு இறங்கும்போது விசை 16 மடங்கிலிருந்து 10 மடங்குக்குச் சற்று மேலாகக் குறைகிறது. பைக்கில் நசுங்கிக்கொடுக்க முன்பகுதியே இல்லாததால் வேகத்தைக் குறைப்பதைவிடப் பெரிய காவல் அதில் கிடையாது.

குட்டி யானை வகை வண்டிகள் பலவற்றின் முன்னறையில் ஏர்பேக் இல்லை என்பதால் மேற்சொன்ன இரண்டாவது ஆபத்து அங்கே இல்லை. ஆனால் நசுங்கிக்கொடுக்கும் முன்பகுதியும் மிகக் குறைவு, ஓட்டுநர் அருகில் இருப்பதும் ஒரே இருக்கை. அதில் மனைவியும் மடியில் குழந்தையும் என்று வெள்ளைகேட் வழியே செல்வதற்குப் பதில், குழந்தையும் தாயும் பேருந்தில் வருவதே மேல்.

ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்கு, முன்பு சொன்ன இரு சக்கர வாகன விதி வார் கட்டச் சொல்கிறது, ஹெல்மெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தலை நிற்கத் தொடங்கியிருக்கும் அந்த வயதில் ஹெல்மெட்டின் எடையைக் கழுத்து தாங்காது என்பதே காரணமாக இருக்க முடியும். தலைக்குக் காப்பு தர வழியில்லாத குழந்தைக்குத் தடுப்பூசி நாளன்று அரசு மருத்துவமனைக்குச் செல்ல ஸ்கூட்டர் உரிய வண்டி ஆகாது. ஆட்டோ, பேருந்து, அல்லது பின்னிருக்கை உள்ள காரில் பின்னோக்கிய இருக்கை என்ற மூன்றுமே அதற்கு எஞ்சுகின்றன.